அரை மணி முன்னால் ஓடிய வீடு

எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளில் இரவு எட்டு மணி சீரியல் எட்டரைக்குத்தான் வரும். யாரும் அதை விநோதமாக நினைத்ததில்லை. டிவிக்காரன் அவன் நேரத்துக்குப் போடுகிறான், நாங்கள் எங்கள் நேரத்துக்குப் பார்க்கிறோம், அவ்வளவுதான். கேரளா எல்லையோரம், பந்தலூர்ப் பக்கத்து டீ எஸ்டேட் அது. ஃபேக்டரிச் சங்கு எப்போது ஊதுகிறதோ அதுதான் அங்கே நேரம். அந்தச் சங்கு ஊர் உலகத்துக்கு அரை மணி முன்னாலேயே ஊதிவிடும். வெள்ளைக்காரத் துரை காலத்தில், விடிந்ததும் விடியாததுமாக ஆட்களைத் தோட்டத்துக்குள் இறக்க வேண்டும் என்பதற்காக ஃபேக்டரிக் கடிகாரத்தை அரை மணி தள்ளி வைத்தார்களாம். துரை கப்பலேறிப் போய்விட்டார். அரை மணி எங்களோடு தங்கிவிட்டது. வெளியுலகத்து நேரத்துக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் பஸ் டைம். பஸ்ஸைப் பிடிக்கப் போகும்போது மட்டும் அரை மணியைக் கழித்துக்கொள்வோம். மற்றபடி அதற்கு எங்கள் வாழ்க்கையில் வேலை இல்லை.

சங்கை ஊதியவர் என் அப்பா. பாய்லர் அவர் பொறுப்பு, சங்கும் அவர் பொறுப்பு. சின்னப் பிள்ளையாக இலங்கையிலிருந்து குடும்பத்தோடு கப்பலில் வந்தவர். ஃபேக்டரியை இன்றுவரை ‘ஸ்டோர்’ என்றுதான் சொல்வார், அந்த ஊர்ப் பழக்கம். வெளியூரிலிருந்து யார் எங்கள் வீட்டுக்கு வந்தாலும், குடிக்கத் தண்ணீர் கொடுத்த கையோடு அவர்களுடைய கைக்கடிகாரத்தை வாங்கிச் சங்கு நேரத்துக்குத் திருத்திக் கொடுப்பார். என் அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்களைக்கூட விடவில்லை. மாப்பிள்ளையின் தாய்மாமன் முறைத்துக்கொண்டே கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தது எனக்கு நினைவிருக்கிறது. கைக்கடிகாரம் போய் செல்ஃபோன் வந்தபோது அதில் நேரத்தை மாற்றுவது எப்படி என்று என்னைத்தான் கேட்டார். செட்டிங்ஸுக்குள் போய், ஃபோன் தானாக நேரம் எடுத்துக்கொள்வதை நிறுத்தி, அரை மணி கூட்ட வேண்டும். இரண்டு தடவை காட்டிக் கொடுத்தேன். பிடித்துக்கொண்டார்.

பச்சைத் தேயிலை விலை படுத்துக் கிடந்த வருடங்கள் அவை. பறிக்கிற கூலிக்கே கட்டவில்லை என்று சின்ன விவசாயிகள் கொழுந்தைச் செடியிலேயே விட்டார்கள். சுற்றுவட்டாரத்தில் ஒவ்வொரு ஃபேக்டரியாகப் பூட்டினார்கள், எங்களுடையதையும் பூட்டினார்கள். எங்கள் தோட்டத்துக் கொழுந்து லாரியில் ஏறி வேறு ஃபேக்டரிக்குப் போக ஆரம்பித்தது. லாரி பஸ் டைமுக்கு வரும். அதனால் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டும் பஸ் டைமுக்கு மாறியது. பெரட்டு மாறியதும் லைனில் ஒவ்வொரு வீடாகக் கடிகாரத்தை மாற்றிக்கொண்டார்கள். சங்குதான் இல்லையே, இனி எதற்கு என்று.

எங்கள் வீட்டில் மட்டும் மாற்றவில்லை. “தெறக்கிறப்ப மறுபடி மாத்திக்கிட்டு நிக்கணுமா?” என்பார் அப்பா. அதற்குமேல் அந்தப் பேச்சு நகராது. ஃபேக்டரிச் சாவி ஒன்றை அவரிடம் விட்டு வைத்திருந்தார்கள். அவ்வப்போது போய், கொழுந்து அரைக்கும் ரோலர் துருப்பிடித்து இறுகிவிடாமல் இருக்க, கையால் சுற்றிவிட்டு வருவார். சம்பளம் கிடையாது. “ஸ்டோர பூட்டுனவனே மறந்துட்டான், இவரு போயி அதுக்குக் கால் அமுக்கிவிட்டுட்டு வர்றாரு” என்று அம்மா திட்டுவாள். அவர் காதில் வாங்க மாட்டார்.

அந்த மழைக்காலத்தில் அம்மா கொழுந்துக் கூடையோடு சரிவில் வழுக்கி விழுந்தாள். மூட்டில் ஆபரேஷன். எழுந்து நடமாட மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். பிடித்துத் தூக்கி உட்கார வைக்க, பாத்ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போக, ஒரு பெண் பிள்ளை வீட்டில் இருந்தாக வேண்டும். அக்கா கைக்குழந்தையோடு திருப்பூரில் இருந்தாள். அப்பாவை நம்பி விட முடியாது. ஃபேக்டரிக்கே நீராவி வைத்துக் கொடுத்தவருக்கு வீட்டில் ஒரு சொம்பு வெந்நீர் வைக்கத் தெரியாது.

நான் அப்போது கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் இருந்தேன். ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்த்து இன்சூரன்ஸுக்கு அனுப்புகிற வேலை. வீட்டில் அடுப்பு எரிந்தது என் சம்பளத்தில். என் டீம் லீடர் அம்மாளிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் நல்லவர், ஆனால் வழவழவென்று பேசத் தெரியாதவர். “லேப்டாப் தர்றேன். வீட்டுல இருந்து விபிஎன் போட்டு நம்ம நெட்வொர்க்குக்குள்ள வந்துட்டா அங்கயே உக்காந்து வேலை பாரு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பாப்பேன். வர முடியலைன்னா திங்கக்கிழமை நீ இங்க சீட்ல இருக்கணும். அதுவும் முடியாதுன்னா நான் வேற ஆள் போட்டுக்குவேன், என்னைத் தப்பா நெனைக்காதே” என்றார். தப்பாக நினைக்கவில்லை. கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான்.

விபிஎன் என்பது ஆபீஸுக்குள் ஒரு பின்வாசல். எங்கேயோ உட்கார்ந்துகொண்டு அதன் வழியாக உள்ளே போய்விடலாம். முதலில் பெயர், அடுத்தது பாஸ்வேர்டு, கடைசியாக என் ஃபோனில் இருக்கும் ஒரு ஆப் காட்டுகிற ஆறு இலக்க எண். அந்த எண் அரை நிமிடத்துக்கு ஒரு தரம் மாறிக்கொண்டே இருக்கும். மூன்றும் சரியாக இருந்தால் கதவு திறக்கும். ஆபீஸில் வைத்துச் சோதித்தபோது சமர்த்தாகத் திறந்தது.

நான் வந்து இறங்கியபோது நல்ல மழை. தலையைத் துவட்டுவதற்குள் அப்பா என் ஃபோனை வாங்கிச் சங்கு நேரத்துக்குத் திருத்தி வைத்தார். நானும் கொடுத்தேன். வாசலில் செருப்பைக் கழற்றுவதுபோல, அதில் யோசிக்க என்ன இருக்கிறது. மறுநாள் மலையில் மண் சரிந்து ரோடு அடைபட்டது, பஸ் நின்றது. இனி கோயம்புத்தூர் போக வேண்டுமானால் கேரளா வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். பஸ் நின்றதோடு பஸ் டைமும் என் மண்டையிலிருந்து இறங்கிப் போய்விட்டது.

லேப்டாப்பைத் திறந்தேன். பெயர், பாஸ்வேர்டு, எண். கொஞ்ச நேரம் ஒரு வட்டம் சுற்றியது. பிறகு, இணைக்க இயலவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. ஏன் இயலவில்லை என்று சொல்லாது. மறுபடி போட்டேன், மறுபடி அதே வரி. இன்னும் கொஞ்சம் விட்டால் லேப்டாப்பைத் தூக்கி அடுப்பில் வைத்திருப்பேன்.

இந்த மாதிரிச் சங்கடங்களைப் பார்க்க ஆபீஸில் ஒரு சிஸ்டம்காரர் இருந்தார். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். என் ஃபோன் லேப்டாப்புக்கு நெட் கொடுத்துக்கொண்டிருக்கும், அம்மாவின் பட்டன் ஃபோனில் அவரோடு பேசுவேன்.

“ஏனுங்க மேடம், ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க.”

“பண்ணிட்டேங்க.”

“இன்னொருக்கா பண்ணுங்க, தப்பில்லீங்க.”

பண்ணினேன். அந்த சாஃப்ட்வேரை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். பாஸ்வேர்டை மாற்றினேன். சிக்னல்தான் கோளாறு என்று அவருக்கு ஒரு பிடிவாதம். எங்கள் சிக்னலும் அதற்கேற்றாற்போலத்தான் இருந்தது. அடுப்படியில் உட்கார்ந்திருக்கும்போதே ‘கேரளாவுக்கு வரவேற்கிறோம்’ என்று மெசேஜ் வரும். கேரளாக்காரன் டவர் எங்கள் வீட்டுக் கூரைவரை நீளும், நம்முடைய டவர் மழைக்குப் படுத்துவிடும். பக்கத்து வீட்டு அக்காவிடம் சிம் இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். ஃபோனை ஒரு கேரி பேகில் போட்டு ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டேன். குடை பிடித்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டி மேட்டில் நின்று பார்த்தேன். அட்டை கடித்ததுதான் மிச்சம்.

இத்தனைக்கும் நடுவில் அந்த ஆள்மேல் எனக்கு ஒரு தனிக் கோபம் ஏறிக்கொண்டிருந்தது. “காலைல பத்து மணிக்குக் கரெக்டா கூப்படறேனுங்க” என்பார். நான் அம்மாவைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, அடித்துப் பிடித்துப் பத்து மணிக்கு லேப்டாப் முன்னால் உட்காருவேன். பத்து ஆகும், பத்தேகால் ஆகும், ஃபோன் வராது. பத்தரைக்கு வரும். “சொன்ன டைமுக்குக் கூப்பிட்டனா இல்லீங்களா?” என்று பெருமை வேறு. என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்! அடக்கிக்கொண்டேன். கோளாறைச் சரி செய்கிறவனைப் பகைத்துக்கொள்ளக் கூடாது என்கிற புத்தி மட்டும் எனக்கு எப்போதும் உண்டு. ஒரு நாள் ஒன்பது மணிக்கு நானே கூப்பிட்டபோது வாட்ச்மேன் எடுத்து, இன்னும் யாரும் வரவில்லை என்றார். ஆபீஸ் திறக்கிற நேரத்துக்குக்கூட வராத ஜென்மங்கள் என்று அம்மாவிடம் பொருமினேன். “கொடுத்து வெச்சவங்க” என்றாள் அம்மா.

வியாழக்கிழமை மத்தியானம் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். திங்கட்கிழமை நான் கோயம்புத்தூரில் இருந்தால் அம்மாவை யார் எழுப்பி உட்கார வைப்பது? நான் இங்கேயே இருந்துவிட்டால் மாசம் பிறந்தால் என்ன சாப்பிடுவது? அம்மா என் முதுகைத் தடவிக்கொண்டு, “நீ போ. நான் தவழ்ந்து போயிக்கிறேன்” என்றாள். அது இன்னும் மோசமாக இருந்தது. அப்பா வாசற்படியில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “ஸ்டோர் மாடியில டவர் நல்லா கெடைக்கும் புள்ள. நாளைக்கிக் காலைல என்கூட வா” என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் பக்கத்து வீட்டு அக்காவை அம்மாவிடம் உட்கார வைத்துவிட்டு ஃபேக்டரிக்குப் போனோம். மாடியில்தான் கொழுந்தை வாட்டுவார்கள். நீளநீளமான வலைத்தொட்டிகள் காலியாகக் கிடந்தன. கொழுந்து வாசனை மட்டும் மரத்தில் ஊறி அப்படியே இருந்தது. ஒரு தொட்டியின் விளிம்பில் லேப்டாப்பை வைத்தேன். சிக்னல் முழுசாக நின்றது. வீட்டில் ஒரு நாளும் கண்டிராத வேகம். கீழே அப்பா ரோலரைச் சுற்றும் சத்தம் கேட்டது. இந்தத் தடவை கிடைத்துவிடும் என்று குலசாமிக்கு வேண்டிக்கொண்டு பெயர், பாஸ்வேர்டு, எண் மூன்றையும் போட்டேன். வட்டம் சுற்றியது. இணைக்க இயலவில்லை.

சிஸ்டம்காரரைக் கூப்பிட்டேன். நல்லவேளை எடுத்தார், அன்றைக்குச் சீக்கிரம் வந்திருந்தாராம்.

“சிக்னல் முழுசா இருக்குங்க. ஸ்பீடும் இருக்கு. அப்பவும் வரல.”

“அப்படீங்களா? அப்ப சிக்னல் இல்லீங்க கோளாறு.” முதல் தடவையாக யோசித்தார். “சரிங்க, நான் இங்க சர்வர்ல பாத்துட்டே இருக்கேன். நீங்க ஒருக்கா போடுங்க. எத்தனை மணிக்குப் போட்டீங்கன்னு மட்டும் சொல்லுங்க, நான் அந்த வரியைத் தேடிப் புடிச்சர்றேன்.”

போட்டேன். மறுபடி அதே வரி வந்தது. ஃபோனைப் பார்த்தேன். எதிர்ச் சுவரில் ஃபேக்டரியின் பெரிய கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அப்பாதான் செல் மாற்றி ஓட வைத்துக்கொண்டிருந்தார். இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டின.

“ஒம்பதே முக்காலுங்க” என்றேன்.

அவர் தேடித் தட்டுகிற சத்தம் கேட்டது.

“ஏனுங்க மேடம், நீங்க எந்த நாட்டுல இருக்கறீங்க? இங்க ஒம்பதேகால்தானுங்க ஆச்சு.”

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. கடிகாரம் சுவரில் இருக்கிறது, ஃபோன் கையில் இருக்கிறது, இந்த ஆள் என்ன உளறுகிறான் என்று. திட்ட வாயைத் திறந்தபோதுதான், இத்தனை நாள் நான் கவனிக்காத லேப்டாப் மூலை நேரம் கண்ணில் பட்டது. ஒன்பதேகால். அட பாவி! பஸ் டைம்.

“ஃபோன்ல டைம் மாத்தி வெச்சிருக்கீங்களா?” என்று கேட்டார். “அந்த நம்பர் டைமை வெச்சுத்தானுங்க உண்டாகுது. உங்க ஃபோனும் எங்க சர்வரும் ஒரே டைம்ல இருந்தாத்தான் ரெண்டு பக்கமும் ஒரே நம்பர் வரும். நீங்க அரை மணி கழிச்சு வர வேண்டிய நம்பரை இப்பவே கொண்டாந்து நீட்டுறீங்க. அது எப்படீங்க உள்ள விடும்?”

“எங்க ஊர்ல டைம் அப்படித்தாங்க” என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பு பட்டன் ஃபோனைத் தாண்டி அந்த மாடி முழுக்கக் கேட்டது. “அப்பப் பத்து மணிக்குக் கூப்படறேன்னு சொல்லீட்டு நான் பத்தரைக்கா கூப்பிட்டேன்? ஏனுங்க, ஒரு வாரமா என்னைத் திட்டீருப்பீங்களே?”

“இல்லைங்க” என்று பொய் சொன்னேன்.

செட்டிங்ஸுக்குள் போய், தானாக நேரம் எடுத்துக்கொள்ளும்படி மாற்றினேன். ஃபோன் சட்டென்று அரை மணி பின்னால் வந்து நின்றது. எண்ணைப் போட்டேன். வட்டம் சுற்றி முடிப்பதற்குள்ளாகவே கதவு திறந்தது. எனக்கென்று ஒதுக்கிய பில்கள் வரிசையாக வந்து நின்றன. சாயங்காலம் வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. டீம் லீடர் அம்மாள், ‘வந்துட்டியா, சரி, வேலையைப் பாரு’ என்று எழுதினார். அந்த ஒரு வரியை மூன்று தடவை படித்தேன். அவ்வளவு சந்தோஷம்.

அப்பா கையைத் துடைத்துக்கொண்டே மாடிக்கு வந்தார். “கெடச்சிருச்சா புள்ள?”

சந்தோஷத்தில் இருந்தாலும் என் வாய் சும்மா இருக்காது. “கெடச்சிருச்சு. உங்க சங்குதாம்ப்பா இத்தனை நாளா வாசல்ல குறுக்க நின்னுருக்கு” என்றேன். அவருக்குப் புரியவில்லை. விளக்கிச் சொன்னேன்.

“அப்ப நான் மாத்தி வெச்சதுதானா?”

“ஆமாப்பா.”

“நேத்து நீ அழுததும் அதுக்குத்தானா?”

“சரியாயிருச்சில்லப்பா, விடுங்க.”

அவர் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மாடி ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார். வீட்டுக்குத் திரும்பும்போது எனக்கு முன்னால் வேகமாக நடந்தார்.

நேரம் சரியாக இருந்ததும் வீட்டு சிக்னலிலேயே கதவு திறந்தது. அதாவது சிக்னல்மேல் ஒரு குற்றமும் இல்லை, அட்டைக் கடிதான் வீண். அன்று முழுக்க அடுப்படி ஜன்னலோரம் உட்கார்ந்து வேலை பார்த்தேன். சாயங்காலம் அப்பா வந்து பக்கத்தில் நின்றார்.

“ஒங்க ஆபீஸுல இப்ப எத்தன மணி?”

“அஞ்சரைப்பா.”

எங்கள் சுவர்க் கடிகாரம் ஆறு காட்டியது. ஸ்டூலைப் போட்டு ஏறி அதைக் கழற்றினார். பின்பக்கத்தைத் திறந்து செல்லை உருவி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். கடிகாரத்தை மடியில் போட்டுக்கொண்டு அம்மாவின் கட்டிலோரமாகத் தரையில் உட்கார்ந்தார்.

முள்ளைப் பின்னால் திருப்பக் கூடாது என்பது ஃபேக்டரி வழக்கம். சங்குக் கடிகாரத்தில் பின்னால் திருப்புவது வேலை நேரத்தைத் திருடுகிற மாதிரி. துரை காலத்தில் அதற்காக ஓர் ஆளை வேலையைவிட்டே நிறுத்தினார்களாம். கடிகாரம் முந்திக்கொண்டால் அதை நிறுத்தி வைத்து, நேரம் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். அப்பா வீட்டுக் கடிகாரத்துக்கும் அதையே செய்தார்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “முள்ளத் திருப்பிவிட்டா முடிஞ்சுது. அதுக்கு ஏன் இப்படித் தவம் கெடக்குறீங்க?”

“சும்மா இரு.”

மழை கொஞ்சம் விட்டிருந்தது. நான் பில்லைப் பார்ப்பதுபோலத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் எழுத்தும் மனதில் ஏறவில்லை.

“எங்கப்பா மாதிரிதான் நானும்” என்றார் அப்பா, யாருக்கென்று இல்லாமல். “இலங்கைக்கே திரும்பிப் போயிருவோம்னு பெட்டியைக் கடைசி வரைக்கும் பிரிக்காம வெச்சிருந்தாரு.” கொஞ்ச நேரம் செல்லை விரல்களுக்குள் உருட்டினார். “இனிமே தெறக்க மாட்டாங்க புள்ள. எனக்குத் தெரியும். பூட்டுன அன்னைக்கே தெரியும்.”

அவரைப் பார்த்துப் பாவம் என்று நினைத்தேன். காலையில் சங்கு குறுக்கே நின்றது என்று சொன்ன நாக்கை இழுத்துவைத்து அறுக்கலாம்போல இருந்தது.

“ஆறு ஆயிருச்சுப்பா” என்றேன்.

செல்லைப் போட்டார். முள் ஓட ஆரம்பித்தது. ஸ்டூலில் ஏறிக் கடிகாரத்தைப் பழைய ஆணியிலேயே மாட்டினார்.

மறுநாள் விடிவதற்கு முன்னால் அப்பா எழுந்துவிட்டார், எப்போதும்போலச் சங்கு நேரத்துக்கு. அவர் உடம்பை யாரும் மாற்றி வைக்கவில்லையே. முகம் கழுவினார், சட்டையை மாட்டினார், சாவியை எடுத்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். கிளம்ப இன்னும் அரை மணி இருந்தது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்தார். அந்த அரை மணியை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, “வெந்நி எப்படி வெக்கிறதுன்னு சொல்லு புள்ள” என்றார்.